ஜபல்பூருக்கு ஒரு கூடாரம்

மந்தைவெளி,
4-1-1998

அன்புள்ள மகள் தேவானைக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கபாலீசுவரர் புண்ணியத்தில் நான் நலம், வலது மணிக்கட்டைத் தவிர்த்து உன் அப்பாவும் நலம். நீ அங்கே குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, நீ எழுதுகிற நாலு வரியில் வேறென்ன தெரிகிறது. மணிக்கட்டு என்றதும் பதறாதே, எலும்பில் விரிசல்தான், மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது, ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பதறி முடித்து இப்போது எரிச்சலில் இருக்கிறேன். நடந்ததை முதலிலிருந்து எழுதினால்தான் உனக்குப் புரியும், பொறுமையாகப் படி.

ஜூன் மாதம் அப்பா ரிட்டயர் ஆனதை உனக்கு எழுதியிருந்தேன். முப்பத்துநாலு வருஷம் சர்வே சங்கிலியும் கையுமாக ஊர் ஊராகச் சுற்றிய மனிதர் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன், அவர் உட்காரவே இல்லை. கொல்லைப்புறத்தில் கோணி போட்டு மூடியிருந்த பழைய புல்லட்டை வெளியே இழுத்தார். அவருடைய ஆபீஸ் ஜீப்பை இருபது வருஷம் ஓட்டிய காதர் பாய், சின்ன வயதில் டிரைவர் மாமா என்று அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருப்பாயே, அவரும் இப்போது ரிட்டயர்தான், மீர்சாகிப்பேட்டையிலிருந்து தினமும் காலையில் வந்துவிடுவார். இரண்டு பேரும் வண்டியைப் பிரித்துப் போட்டு என் வடாம் பிழிகிற துணியில் நட்டும் போல்ட்டும் பரப்பி வைப்பார்கள், போகட்டும் பொழுது போகிறதே என்று விட்டேன். அப்படி விட்டதுதான் நான் செய்த தப்பு. ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் சாப்பிடும்போது, மோர் ஊற்று என்று சொல்கிற அதே குரலில், தை மாதம் நானும் காதரும் மோட்டார் சைக்கிளில் காசிக்குப் போகிறோம் என்றார். காதர் பாய்க்குக் காசியில் என்ன வேலை என்று கேட்டேன், அவனுக்கு ரோட்டில்தான் வேலை என்றார். ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு பேர், ஒரே வண்டி, ஒருத்தருக்கு ரத்தக் கொதிப்பு, இன்னொருத்தருக்கு முதுகு வலி, வழியில் எங்கே தங்குவீர்கள் என்றால் லாட்ஜ் எதற்கு, கூடாரம் போட்டுக்கொள்வோம் என்றார்.

அந்தக் கூடாரம் இந்த வீட்டில் செய்த அட்டகாசத்தை எழுதினால் தனிக் கடிதம் ஆகும். ரங்கநாதன் தெருவுக்கு நான் புடைவை எடுக்கப் போனால் கூட வராதவர், தார்ப்பாய்க்காகப் பாரிமுனை வரை மூன்று தடவை போனார். காதர் பாயின் பெண்டாட்டி கமர் ஜஹானிடம் மொட்டை மாடிக்குப் பந்தல் மறைப்பு என்று பொய் சொல்லித் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவள் மிஷின் ஊசி நாலு உடைந்ததாம், உண்மை தெரிந்த அன்று எனக்குப் போன் செய்து அரை மணி நேரம் திட்டினாள், இருவருமாகச் சேர்ந்து திட்டிக்கொண்டோம். பிறகு மாடியில் ஒத்திகை. துணி காயப் போட இடமில்லாமல் மேல் வீட்டுக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இவர் உள்ளே சப்பணமிட்டு உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காப்பி போட்டு, வந்து குடித்துப் பார் என்று என்னை வேறு கூப்பிட்டார், நான் போகவில்லை. என் சின்னக் குக்கர், இட்லிப் பொடி டப்பா, நல்ல போர்வை எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போய் அவர்கள் தகரப் பெட்டியில் இருந்தன.

டிசம்பர் முதல் வாரம் பாலவாக்கம் கடற்கரையில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கிறோம் என்று கிளம்பினார்கள், மழை வரும் என்று ரேடியோ சொன்னதைச் சொன்னேன், மழையில் நின்றால்தானே கூடாரத்தின் லட்சணம் தெரியும் என்றார். தெரிந்தது. விடிகாலையில் ஈரத் தார்ப்பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு இருவரும் வாசலில் வந்து நின்றார்கள், அப்பாவுக்கு ஒரு வாரம் இருமல். நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, அவர் தூங்கும்போது ஈரமாகிப் போன காகிதங்களை மின்விசிறிக்கு அடியில் உலர்த்தப் போனேன். அப்போதுதான் பிரயாணத்துக்காக அவர் போட்டு வைத்திருந்த வரைபடத்தை முழுதாகப் பார்த்தேன் தேவானை. ஆபீஸில் வரைகிற மாதிரியே டிரேசிங் தாளில் கறுப்பு மசியால் வரைந்திருந்தார், கடப்பா, கர்நூல், ஹைதராபாத், அடிலாபாத், நாக்பூர், சிவனி, ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று பொடி எழுத்தில் குறிப்பு. காசிக்குப் போகிறவரின் கோடு நீ இருக்கிற ஜபல்பூரில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. நர்மதைக் கரையில் கூடாரம் போல ஒரு சின்ன முக்கோணம் மட்டும் போட்டிருந்தார்.

போன வருஷம் நீ எனக்கு எழுதியிருந்தாயே, ஞாயிற்றுக்கிழமைகளில் நர்மதைப் படித்துறைக்குப் போய் உட்காருவேன், அங்கே மனசு லேசாகிறது என்று, நீ எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான். எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் கறுப்பு மசியில் கட்டை விரல் ரேகை. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர், நான் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து உன் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுப்பிக் கேட்டிருப்பேன், கேட்டால் மறுத்துவிட்டுப் பிரயாணத்தையும் விட்டுவிடுவார் என்று அடக்கிக்கொண்டு காதர் பாயைத் தனியாகப் பிடித்தேன். அவர் முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். "இன்னா அண்ணி, உங்களுக்குத் தெரியாதா? சாரு காசிக்கு எங்க போறாரு, பொண்ணைப் பாக்கணும் அவருக்கு. வாசல்ல போய் நிக்க மாட்டேன்னு வீம்பு. ஆத்தங்கரைல டேரா போட்டுக்கினு குந்தினு இருந்தா, அதுவா வந்து பாத்தா பாக்கட்டும்ன்றாரு. அது வர்ற வரிக்கும் டீ போட்டுக் குடுக்கத்தான் நானு."

மூன்று வருஷத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நீ வேண்டாம் என்று சொன்னதை நான் அன்றும் தப்பென்று நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகக்கூடாது என்று கடைசி நேரத்தில் சொன்னவர்கள் மாப்பிள்ளை வீட்டார்தானே. ஆனால் கூடத்தில் நின்று நீங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சு இருக்கிறதே. இனிமேல் இந்த வாசல்படி மிதிக்காதே என்று அவர் சொன்னார், நீங்களும் என் வாசலில் வந்து நிற்காதீர்கள் என்று நீ சொன்னாய். கோபத்தில் எல்லா வீட்டிலும்தான் பேசுகிறார்கள், பேசியதை இப்படிக் கல்வெட்டு மாதிரிக் காப்பாற்றுகிறவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நீ மாட்டு வைத்தியக் கல்லூரியில் வேலை என்று ஆயிரம் மைல் தாண்டிப் போய் உட்கார்ந்தாய், அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு வாய் பேசாமல் நின்றேன், அந்தத் தப்பு என்னுடையது, அதையும் எழுதிவிடுகிறேன். இதற்காக ஒரு மனிதர் தார்ப்பாயில் வீடு தைத்து எடுத்துக்கொண்டு வர வேண்டுமா, நீயே சொல்.

அதற்குப் பிறகு நான் குறுக்கே நிற்கவில்லை. ஊறுகாய் கட்டித் தந்தேன், கம்பளி வாங்கித் தந்தேன், நான் சும்மா இருப்பதைப் பார்த்து அவருக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டது. டிசம்பர் இருபதாம் தேதி முழுச் சுமையோடு மகாபலிபுரம் வரை போய்த் திரும்புகிறோம் என்று கிளம்பினார்கள். அடையாறு பாலம் தாண்டியதும் கூடாரக் கயிறு அவிழ்ந்து பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டுவிட்டது. காதர் பாய் முட்டியில் சிராய்ப்போடு தப்பித்தார், அப்பா கையை ஊன்றி விழுந்தார், பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு ஒரு முழத்தில் நின்றதாம். ஒரு முழம் தேவானை. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவரைப் பார்த்தபோது சட்டையெல்லாம் என் எலுமிச்சை ஊறுகாய், என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி கூடாரம் கிழிந்துவிட்டதா என்பதுதான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், சுற்றி இருந்தவர்கள் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

கட்டுப் போட்டு வந்த பிறகு நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சவரம் செய்துகொள்ள முடியாது, சாதத்தைப் பிசைந்து நான்தான் கையில் ஸ்பூனைக் கொடுக்க வேண்டும், அதிலும் உப்புக் குறை, காரம் குறை. காதர் பாய் தினமும் வந்து கட்டிலருகே உட்கார்ந்துவிட்டுப் போவார். ஐந்தாம் நாள் காலையில் நான் வரைபடத்தையும் உன் கடிதத்தையும் கட்டிலில் வைத்தேன். எனக்கு எல்லாம் தெரியும், ரயிலில் போகலாம், கங்கா காவேரியில் ஏறினால் நேரே ஜபல்பூர் என்றேன். வரைபடத்தை இடது கையால் மடித்து வைத்தார். பிறகு, "ரயில்ல போனா, அவளைப் பாக்கத்தான் வந்தோம்னு ஆயிடும்" என்றார். ஆகட்டுமே, அதற்குத்தானே போகிறோம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் போனது, துடைக்க வலது கை தூக்க வரவில்லை. நான் துடைக்கவில்லை, துடைத்தால் பார்த்துவிட்டேன் என்று ஆகிவிடும். சாயங்காலம் காதர் பாயிடம் இவரே சொல்லியிருக்கிறார், ரயிலில் கூடாரத்தை ஏற்றலாமா என்று விசாரி என்று.

ஆக இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை கங்கா காவேரியில் மூன்று பேர் கிளம்புகிறோம், டிக்கெட் கையில் இருக்கிறது. கூடாரமும் வருகிறது, அதை விட்டு வர மாட்டேன் என்கிறார், ஒற்றைக் கையால் கட்ட முடியாதென்று காதர் பாயும் வருகிறார். உன் வீட்டில் தங்க மாட்டாராம், ஆற்றங்கரைதானாம். ஜனவரிக் குளிரில் இரண்டு கிழங்களையும் தார்ப்பாய்க்குள் படுக்க வைக்க நான் சம்மதிக்கப் போவதில்லை, ஆனால் அதை இங்கிருந்து பேசித் தீர்க்க என்னிடம் தெம்பில்லை. நீ ஒன்று செய்தால் போதும். வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று அங்கே விசாரித்து ஸ்டேஷனுக்கு வந்து நில். உன் வாசலுக்கு அவர் வர வேண்டாம், இந்த வாசலுக்கு நீ வர வேண்டாம், ரயில்வே பிளாட்பாரம் யாருடைய வாசலும் இல்லை. மன்னிப்பு, விளக்கம் எதுவும் பேச வேண்டாம். கையில் வலி இருக்கிறதா என்று கேள், அது போதும், மிச்சத்தை அவர் தானாகப் பேசுவார், ரோட்டுக் கணக்கில் ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்.

உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கச் சொல்லி கற்பகாம்பாளிடம் தினமும் கேட்கிறேன், முக்கியமாக இரண்டாவதை. கமர் ஜஹான் உன்னை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். காதர் பாய் சொன்னது எதையும் அவரிடம் காட்டிக்கொள்ளாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போடு, நாலு வரியாக இருந்தாலும் சரி, ஆனால் இந்தத் தடவை உறையின் மேல் அப்பா பெயரை எழுதி அனுப்பு.

உன் பிரியமுள்ள அம்மா,
சு. சண்முகவடிவு