அண்ணன் முதுகும் கோர்ட்டு மாடியும்

6.2.1978
மூன்று ரவிக்கை தைத்து முடித்தேன். மத்தியானம் அண்ணன் பேருக்குக் கோர்ட்டுச் சம்மன் வந்தது. வழக்குப் போட்டவள் நான், இரண்டு பேரும் இருப்பது ஒரே வீட்டில். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டு, "சாப்பிட்டயா அம்மிணி?" என்று கேட்கிறார்! இவரோடு எப்படிச் சண்டை போடுவது?

இளம்பிள்ளை வாதத்தில் கால் போனவள் என்று அப்பா ரோட்டோர வீட்டை எனக்கு உயில் எழுதி வைத்தார். அங்கே தையல் கடை வைத்துத் தனியாக இருக்க ஆசை. அண்ணன் சாவி தரமாட்டேன் என்கிறார். "தனியா எப்படி இருப்பே? நாஞ் செத்தா போயிட்டேன்?" திட்டினாலாவது பரவாயில்லை. கண் கலங்கிக் கேட்கிறார்.

20.2.1978
கோர்ட்டு மாடியில் இருக்கிறதாம். இருபத்திரண்டு படி. "ஏனம்மா, உங்கண்ணனே தூக்கிட்டு வந்துருவாரே" என்கிறார் என் வக்கீல். எட்டாம் வகுப்பு வரை நான் பள்ளிக்கூடம் போனது அண்ணன் முதுகில்தான். அதற்காக? எதிராளி முதுகில் ஏறிப் போய் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்ல எனக்கு வாய் வருமா?

கமிஷன் போட்டால் வீட்டுக்கே வந்து சாட்சியை எழுதிக்கொள்வார்களாம். அதுவும் அண்ணன் வீடுதானே. அண்ணி தரும் காப்பியைக் குடித்துக்கொண்டு நான் அவர்களைப் பற்றிக் குறை சொல்லவேண்டும். மாட்டேன்.

நானே மனு எழுதினேன். 'என்னால் படி ஏற இயலாது. கீழே வைத்து விசாரிக்க வேண்டுகிறேன்.' முதலில் 'கருணை கூர்ந்து' என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். வக்கீல் அதை மறுபடி சேர்த்துவிட்டார்.

3.3.1978
பதில் இல்லை.

17.3.1978
மனுவை ஏற்றுக்கொண்டார்கள்! ஏப்ரல் பத்து, கீழ் அறையில். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாந் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டனா?"

தெரியுமுங்கண்ணா. அதனால்தான் சொல்லவில்லை.

10.4.1978
இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். ஏற்றி இறக்கியது அண்ணன்தான், வேறு யார்? கோர்ட்டு வாசலிலும் பழக்கதோஷத்தில் முதுகைக் காட்டிக் குனிந்தார். "வேண்டாங்கண்ணா, பலகையக் குடுங்க" என்றேன். அவரே தான் வேலை பார்க்கும் லாரிப் பட்டறையில் பழைய பேரிங் வைத்துச் செய்து தந்த சக்கரப் பலகை. கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு நானே உள்ளே போனேன்.

நீதிபதி மாடியிலிருந்து இறங்கி வந்தார். எனக்காக ஒருவர் படி இறங்கி வந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அண்ணனுடைய வக்கீல் கேட்டார்: "இத்தனை வருசமா உங்களைச் சுமந்தது யாரு?"

"எங்கண்ணனுங்க."

"அப்புறம் என்ன குறை?"

"குறையே இல்லீங்க. அவரு ஊட்டுல இல்லாத நேரமெல்லாம் நான் வாசப்படிக்கு உள்ளயே இருக்கறனுங்க. மூணே படிதான். அதைத் தாண்டறதுக்கும் அவரு வரோணும்."

அண்ணன் தலையே நிமிரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டார்.

12.4.1978
அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேஸ் போட்டிருக்கக்கூடாதோ — இல்ல, போட்டதுதான் சரி. சரின்னா ஏன் இப்படி அழுகையா வருது?

30.4.1978
விடிந்ததும் வாசலில் தடால் என்று சத்தம், பிறகு ஆணி அடிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் மூன்று படியையும் மூடி லாரியின் பின்பலகை ஒன்று சரிவாகக் கிடக்கிறது, ஆணி அடித்து. அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"எறங்கிப் பாரு அம்மிணி. இத்தன வருசம் தூக்குனனே ஒழிய, இது எனக்குத் தோணவே இல்ல."

இறங்கினேன். தெருவைத் தாண்டி ரோட்டோர வீடு வரைக்கும் பலகையிலேயே போனேன். அண்ணன் பத்தடி பின்னால் வந்தார். ஒரு பள்ளத்தில் சக்கரம் மாட்டியபோதும் கிட்டே வரவில்லை, நின்று பார்த்தார். நானே நெம்பி எடுத்தேன்.

அங்கும் ஒரு பலகைச் சரிவு. கதவில் பழைய தாழ்ப்பாளைப் பிடுங்கி, என் கை எட்டும் உயரத்தில் புதிதாக அடித்திருந்தார். பூட்டிலேயே சாவி தொங்கியது.