உன் உலையில் பிறக்காத ஆக்சைடு

இன்று ஆய்வகத்து அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் உன் பீங்கான் கிண்ணம் ஒன்று கிடைத்தது. உள்ளே செங்கல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. வெளியே பென்சிலால் நீ எழுதியது: 'இந்த வாட்டியாவது வா தாயே.' சிரிப்பு வந்தது. அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் கணினியில் அணுக்களை அடுக்கிப் பார்த்து, இதுவரை இல்லாத ஓர் ஆக்சைடு இருக்க முடியும் என்பேன். நீ அதை உலையில் சுட்டு எடுத்துக் காட்ட வேண்டும். ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தெற்கத்திக் குடும்பத்துப் பெண் நான், ஏ.சி. அறையில். வியாசர்பாடிக்காரி நீ, உலை முன்னால். "நீ மெனு கார்டு எய்துவே, நான் வெந்துகினு சமைக்கணும். இன்னாடி நாயம் இது?" என்பாய்.

அந்த இரும்பு ஆக்சைடை வெயிலில் வைத்தாலே அழுக்குத் தண்ணீர் சுத்தமாகும் என்று என் கணக்கு சொன்னது. உனக்கு அதில் பைத்தியம். "எம்.கே.பி. நகர்ல கால்வா நாத்தம் தாங்கல. உன் பொடி மட்டும் வரட்டும், மொத பக்கெட்டு எங்க வூட்டாண்டதான்" என்றாய். சின்னக் கல்லுரலில் மணிக்கணக்காக அரைத்தாய். மணிக்கட்டு வீங்கியதும் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு அரைத்தாய். உலையைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் பழைய துரு ஆக்சைடுதான். சூட்டைக் கூட்டினாய், குறைத்தாய், எண்ணூர்க் காற்றின் ஈரத்தைத் திட்டித் தீர்த்தாய். "கணக்கு பளிச்சுன்னு இருக்கும்மா, உன் கையிலதான் சுத்தம் போதல" என்று எல்லார் முன்னாலும் நம் வழிகாட்டி சார் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஒரு காலையில் பழைய கோப்புகளைப் புரட்டினேன். இரும்பு என்றால் அதன் காந்தத்தையும் சேர்த்துக்கொள் என்று கணினிக்கு ஒரு வரி எழுத வேண்டும். என் புதிய ஆக்சைடுக்கு எழுதியிருந்தேன். அதோடு ஒப்பிட்ட பழைய ஆக்சைடுகளுக்கு எழுத விட்டுப்போயிருந்தது. அதனால்தான் பழையவை நோஞ்சானாகவும் என்னுடையது கெட்டியாகவும் தெரிந்திருக்கின்றன. வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். புதியது நிற்கவே நிற்காது, உடைந்து பழையதாகத்தான் மாறும். பிறக்கவே முடியாத பிள்ளைக்கு உன்னைத் தொட்டில் ஆட்ட வைத்திருக்கிறேன், பாவி.

போன வாரம்தான் சாருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இத்தனை நாள் கழித்து. "போனது போகட்டும்மா, பேப்பருக்கு ஒரு திருத்தம் போட்டுடலாம்" என்றார். உன் கை மேல் இருந்த பழி நீங்கிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கிறது.

தப்பைக் கண்டுபிடித்த அன்று மாலையே உன்னிடம் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ தலையணையில் சாய்ந்தபடி முந்திக்கொண்டாய். "எங்கையிதான் சரியில்ல போலகீதுடி. உன் கணக்கெல்லாம் வேஸ்ட் பண்ணிட்டேன். மன்ச்சிக்கோ."

நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "பரவாயில்லடி" என்றேன்.

நீ நிம்மதியாகச் சிரித்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். உன்னை மன்னித்தவளாகவே நான் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.