வால்வை மூடும் நேரம்

மார்ச் 4, செவ்வாய்
வீட்டுக்காரர் ராமப்பன் வந்தார். என் குளியலறைக் கசிவு கீழ்வீட்டு நஞ்சம்மாவின் சமையலறையில் சொட்டுகிறதாம். "பிளம்பரு மூணு வாட்டி ஏமாத்திட்டான். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். நிக்கலன்னா தரைய உடைக்கணும். நீ வேற வூடு பாத்துக்கம்மா."
ஓசூருக்கு வந்த இரண்டு வருடத்தில் இது மூன்றாவது வீடு. புத்தகங்களை மறுபடியும் அட்டைப்பெட்டியில் அடுக்க மாட்டேன். இங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. அதற்காகவே பிடித்த வீடு.

மார்ச் 5
குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதம் சுற்றிவைத்தேன். ஒன்று மட்டும் நனைந்தது — தரைக்கு மேலே இருக்கும் எல்போ, குழாய் வளைந்து திரும்பும் இணைப்பு. தரையை உடைக்கவே வேண்டாம்! கம்பெனியிலும் எனக்குக் குறை கண்டுபிடிப்பதுதானே வேலை.

மார்ச் 8
எல்போ, குழாய்த் துண்டு, கட்டர், ஒட்டுவதற்கு சொல்யூஷன் வாங்கினேன். கடைக்காரர்: "வூட்ல ஆம்பளைங்க இல்லியாம்மா?"
"இருந்தா அவங்களுக்கு வேற எல்போ குடுப்பீங்களா?"
சிரித்துவிட்டார்.

மார்ச் 12, புதன்
வார விடுமுறை. மொட்டைமாடித் தொட்டிக்கு ஒரே வால்வு, எல்லா வீட்டுக்கும் சேர்த்து. எட்டு மணிக்குள் கம்பெனி வண்டிகள் போய்விட்டன. யாரிடம் சொல்ல? மூடினேன்.
குழாயை வெட்டிய கையோடு மேலே காலடிச் சத்தம். பிறகு தண்ணீர், நேராக முகத்தில்.
கத்தினேன். இறங்கி வந்தார் பக்கத்து வீட்டு பாஸ்கரன்; வால்வைத் திறந்தது அவர்தான். இந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்டாம்; வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையில் சோப்பு, இடுப்பில் துண்டு. "கண்ணு எரியுதுங்க! வால்வ எவனோ மூடி வெச்சிட்டான்!"
"எவனோ இல்ல, நான்தான்."
"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"
மறுபடி மாடிக்கு ஓடிப்போய் வால்வை மூடினார். அவர் சோப்போடு நிற்கிறாரே என்ற பதற்றத்தில் ஈரக் குழாயிலேயே ஒட்டி, அரை மணியில் திறந்துவிட்டேன். பழையபடி கசிவு.
மாலையில் வேலை முடிந்து வந்த நஞ்சம்மா: "சொட்டிக்கிட்டு இருந்தது, இப்ப ஊத்தியே வெச்சிட்டியே! ராகி மாவெல்லாம் களியாப் போச்சு!"
ராமப்பன்: "இனிமே நீ கைய வெக்காத."

மார்ச் 13
எட்டு மணிக்குக் கட்டடம் காலியாகிவிடும் என்று எப்படி நினைத்தேன்? இந்த ஊரில் எந்த நேரமும் யாரோ தூங்குகிறார்கள், யாரோ குளிக்கிறார்கள். எனக்குத் தெரியாததா? யாரையும் கேட்காமலிருப்பதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருந்தேன். சோம்பல்தான். கொஞ்சம் பயமும்.

மார்ச் 14
ராகி மாவோடு நஞ்சம்மா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். "மறுபடியும் ஊத்தப் போறியா?"
"உங்களுக்கு எப்பத் தண்ணி வேணாம்னு கேக்க வந்தேன்."
முழுதும் திறந்தார். "ஞாயித்துக்கெழம பத்துக்கு மேல வேணாம். அஞ்சுக்கு வுட்டுரு."
பாஸ்கரன்: "ரெண்டு பக்கெட் புடிச்சி வெச்சிட்டுத் தூங்கறேன். எழுப்பாம இருந்தாச் சரி."
ராமப்பனிடம் நஞ்சம்மாவே பேசினார். "அந்தப் பொண்ணே பண்ணட்டும். உன் பிளம்பரு பொங்கலுக்குத்தான் வருவான்."

மார்ச் 16, ஞாயிறு
விடுமுறையை இன்றைக்கு மாற்றி வாங்கியிருந்தேன். பத்தரைக்கு வால்வை மூடினேன். மிச்ச நீரை வடியவிட்டு, உள்ளும் புறமும் துடைத்துக் காயவிட்டேன். இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, செருகி, கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். பிறகு ஐந்து மணிவரை தொடவில்லை. இந்த வேலையில் கடினம், சும்மா இருப்பதுதான்.
ஐந்துக்கு மெல்லத் திறந்தேன். விரலால் தடவினேன். ஈரமில்லை.

மார்ச் 17
இன்றும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு
மாலையில், காலியாகக் கிடந்த முன்வீட்டைப் பார்க்க ராமப்பன் ஒருவரை அழைத்து வந்தார். பெயர் பரமசிவம், சூளகிரிப் பக்கம் புதுக் கம்பெனியில் வேலையாம். என் கதவைத் தட்டி அவரிடம் சொன்னார்: "தண்ணி, வால்வு சமாசாரம் எல்லாம் இந்தப் பொண்ணக் கேட்டுக்கப்பா. இது இங்கதான் இருக்கும்."
புதியவர் கூச்சத்தோடு தலையசைத்துவிட்டு நகரப் பார்த்தார்.
"அண்ணா," என்றேன், "இந்த வாரம் உங்களுக்கு என்ன ஷிஃப்ட்?"