வவ்வால் மாப்பிள்ளை சாப்பிடாமல் போனார்

மார்ச் 5, வியாழன்

காலையில் பனி. ஏரிப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை, அறுவடை இயந்திரத்தின் சத்தம் மட்டும். கண் சொட்டு மருந்து தீர்ந்தது. குமரனிடம் சொல்ல வேண்டும். சோலார் பம்பு மாட்ட ஊர் ஊராகப் போகிற மகன், இரண்டு முறை சொன்னால்தான் நினைவிருக்கும்.

இன்றைய வேலை: மாப்பிள்ளைக்குப் பட்டியல். ஞாயிறு அன்று அரியாங்குப்பத்திலிருந்து மகள் சுமதியும் அவரும் வருகிறார்கள். அங்கே டியூஷன் சென்டர் நடத்துகிறார். போன வாரமே போனில் சொல்லிவிட்டார்: "மாமா, யாழினி நாள் பூரா என்ன பண்ணுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. நான் பாக்கணும்." சரி என்றேன். அவரிடம் சரி தவிர வேறு ஏதும் சொன்னதாக நினைவில்லை.

பேத்தி யாழினிக்குப் பதினைந்து வயது. ஆறாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள் மருமகள் செல்வி. தன் ஆசிரியை வேலையையும் கூடவே விட்டாள். அன்று முதல் வீட்டில்தான் படிப்பு. எனக்கு அன்றும் சம்மதமில்லை, இன்றும் முழுச் சம்மதமா என்றால் தெரியவில்லை. வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை.

யா. இன்று செய்தவை:
– விடிந்ததும் அஞ்சலைக்குப் போன். இன்று என்ன மீன்?
– கதை எழுதி, பேசிப் பதிந்து, அனுப்பினாள்.
– மத்தியின் செவுளைப் பிரித்துப் பார்த்துப் படம் வரைந்தாள் (அறிவியல்).
– அம்மாவோடு கணக்கு. சண்டை. மறுபடி கணக்கு.
– முருங்கை மரத்தடியில் மல்லாந்து படுத்திருந்தாள். வெகுநேரம்.

கடைசி வரிக்கு என்ன பெயர்? "சிந்தனை" என்று எழுதினேன். மிகை. அடித்தேன். "ஓய்வு." அதுவும் பொய். அடித்தேன். செல்வி எட்டிப் பார்த்து, "படுத்திருந்தாள்னே எழுதுங்க மாமா. அதுல இன்னா தப்பு?" என்றாள். அப்படியே எழுதினேன். சரியா என்று தெரியவில்லை.

அஞ்சலை சமாசாரத்தை எப்படி எழுதுவது என்றும் தயக்கம். மூர்த்திக்குப்பத்து மீன்காரி. தொண்டையில் ஏதோ வளர்ந்து, கூவவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் ஒலிபெருக்கி மாட்டினாள், குரலுக்கு யா.வைப் பிடித்தாள். சும்மா 'மீனு மீனு' என்று பதியச் சொன்னால், இவள் தினம் ஒரு கதை சொல்கிறாள். அன்று கரைக்கு வந்த மீன்கள்தான் கதை மாந்தர். சங்கரா கிடைக்காத நாளில் சங்கரா அக்கா கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருப்பாள். மிச்சக் கதை நாளைக்கு. பெண்கள் சட்டியோடு வந்து, கதை முடிந்த பிறகுதான் விலை கேட்கிறார்கள்.

இதைப் பட்டியலில் "தமிழ்" என்று போட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

வெயில் சீக்கிரம் ஏறியது. வெள்ளிக்கிழமை தெருவில் மீன் எடுக்க மாட்டார்கள். அஞ்சலை இல்லை, கதையும் இல்லை.

ஒரு தவறு செய்தேன். பட்டியல் ஒழுங்கற்றுத் தெரிந்ததால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு கால அட்டவணை. பத்து மணி முதல் பதினொன்று வரை: படைப்பாற்றல். சுவரில் ஒட்டினேன். யா. மறுத்துப் பேசவில்லை. பத்து மணிக்கு மேசையில் போய் உட்கார்ந்தாள். பேனாவின் மூடியைக் கடித்தாள். ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆபீஸ்னா இப்பிடித்தான் இருக்குமா தாத்தா?"

"ஏறக்குறைய."

"நீங்க பாவம்."

அட்டவணையைப் பிய்த்தேன். சுண்ணாம்பும் கொஞ்சம் வந்துவிட்டது. சாயங்காலம் குமரன் சுவரைப் பார்த்துவிட்டு, "பத்தரைக்கு மூச்சு வுடலாமான்னு யாழினி கேட்டிருக்கும்பா, நீ பர்மிஷன் குடுத்திருக்க மாட்ட" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் வலி.

பணியில் இருந்த காலமெல்லாம் கடிதம் வரைவதே என் வேலை. யாருக்கும் எங்கும் உறுத்தாத வாக்கியங்கள். அதில் நல்ல பெயர் உண்டு. படித்தவன், எம்.ஏ., பிரெஞ்சும் தெரியும். ஒரு மீனைப் பேச வைக்க எனக்கு வராது.

மார்ச் 7, சனி

சொட்டு மருந்து வந்தது.

மத்தியானம் சுமதி போன். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள். "அவரு சீட்டு சொல்லி வெச்சிருக்காருப்பா. ஜூன்ல பத்தாவது. ஹாஸ்டலோட. நாளைக்கு வந்து முடிச்சிடணும்ன்றாரு."

"நீ என்ன சொன்னே?"

"நான் இன்னா சொல்றது."

செல்வியிடம் சொன்னேன். முகம் மாறியது. "வூட்ல இருந்தே பத்தாவது எழுதப்போறா, தனித்தேர்வா. அவளே ஒத்துக்கினா. இப்ப எதுக்கு ஹாஸ்டல்?" கேள்வி நியாயம்தான். ஆனால் இந்த வீட்டில் மாப்பிள்ளை சொல்லி எதுவும் நடக்காமல் போனதில்லை. குமரனின் கல்யாண நாளைக்கூட அவர்தான் குறித்தார். நான் தலையாட்டினேன்.

யா.விடம் கேட்டேன், உனக்கு எப்படி என்று. "நான் போவலை தாத்தா. போனா இது நின்னுடும்." இது என்றால்? கையை வீசிக் காட்டினாள். மரம், போன், மேசை, அம்மா எல்லாம் அந்த வீச்சில் வந்தன.

நாளை அவரிடம் பக்குவமாகப் பேச வேண்டும். என்னால் முடியுமா.

மார்ச் 8, ஞாயிறு

காற்று. படகுகள் தாமதம். அதனால்தான் இவ்வளவும். எட்டு மணிக்கு வந்து போய்விடுகிற அஞ்சலை, இன்று மாப்பிள்ளை வந்து உட்கார்ந்த பிறகு வந்தாள்.

அவர் நாற்காலியில், நான் பக்கத்தில் நின்றபடி. பட்டியலைப் படித்தார். "'படுத்திருந்தாள்.' என்ன மாமா இது?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று தெரிந்து, அஞ்சலை நேராக எங்கள் கேட்டில் வந்து நிறுத்தினாள். ஒலிபெருக்கியில் யா.வின் குரல், தெரு முழுக்க. நினைவிலிருந்து எழுதுகிறேன், ஏறக்குறைய இதுதான்:

"நெத்திலி வூட்டுக்கு வவ்வாலு மாப்பிள்ள வந்துட்டாரு. வெள்ள வெளேர்னு, வட்டமா. வந்ததும் இன்னா சொன்னாரு? 'ஏன் இப்பிடிக் கூட்டமா நீந்துறீங்க, வரிசையா நீந்துங்க'ன்னாரு. 'சின்னதுக்கு வயசாவுது, எனக்குத் தெரிஞ்ச கண்ணாடித் தொட்டி ஒண்ணு இருக்குது, சேத்து வுட்டுடுங்க. அலையே கெடையாது, ஏசி இருக்குது'ன்னாரு. நெத்திலி தாத்தா இன்னா சொன்னாரு? தலைய ஆட்டுனாரு. வேணாம்னு சொல்லவும் அவருக்கு அதே ஆட்டுதான், யாருக்கும் வித்தியாசம் தெரியல. சின்ன நெத்திலி இன்னா ஆச்சு? நாளைக்குச் சொல்றேன். வவ்வாலு, நெத்திலி, மத்தி இருக்குது, வாங்கக்கா."

மாப்பிள்ளை முதலில் சிரிக்கத்தான் செய்தார். பிறகு சிரிப்பு நின்றது. அப்போதும் தப்பியிருக்கலாம். அஞ்சலை பாவம், வீட்டுச் சமாசாரம் ஒன்றும் அறியாமல், கம்மிய குரலில் உள்ளே பார்த்து, "ஐயா, மாப்பிள்ளைக்குன்னு வவ்வாலு ஒண்ணு பெர்சா எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

ஆட்டோவைச் சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக் கடைக்கார ஜைனபு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மாப்பிள்ளை எழுந்து செருப்பை மாட்டினார். "மாமா, வூட்டு மாப்பிள்ளைய மீன் வண்டியில ஏத்திட்டீங்க. சுமதி, கெளம்பு." செல்வி தடுத்தாள். குமரன் வண்டிச் சாவியை மறைக்கப் பார்த்தான். நான் கைகூப்பினேன் என்று நினைக்கிறேன். சாப்பிடாமல் போய்விட்டார். மாப்பிள்ளை இந்த வீட்டில் சாப்பிடாமல் போனது இதுவே முதல் தடவை.

வறுத்த மீனை யாரும் தொடவில்லை. கடைசியில் குமரன்தான், "மீன் இன்னா பண்ணிச்சு" என்று தட்டை இழுத்தான்.

அந்த நெத்திலி தாத்தா நானா? இருக்காது, கதைதானே. நான்தான்.

மார்ச் 9, திங்கள்

புழுக்கம். காலையிலேயே சுமதியிடமிருந்து போன், பக்கத்தில் அவர் இருப்பது தெரிந்தது. எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் சொன்னாள்: யாழினி அரியாங்குப்பம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், நான்தான் கூட்டி வர வேண்டும், ஜூனில் சேர வேண்டும். புதன் வரை சீட்டை நிறுத்தி வைப்பார்களாம். இல்லாவிட்டால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

யா. கேட்டுக்கொண்டிருந்தாள். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சற்று நேரத்தில் தெருவில் கேட்டது: "மீன் வந்துள்ளது. சங்கரா, மத்தி, கானாங்கெளுத்தி. நியாயமான விலை." அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதே.

என் அலுவலகக் கடிதம் போல் இருந்தது. ஒரு பிழை இல்லை.

பெண்கள் வந்தார்கள், நின்றார்கள். "இன்னா அஞ்சல, சின்ன நெத்திலி இன்னா ஆச்சு? தொட்டிக்குப் போச்சா?" அஞ்சலை என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லியா ஐயா?"

தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே தெரிந்தது, எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாமல் ஆட்டுகிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் "நியாயமான விலை."

முருங்கை அடியில் யா. படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் கதை இல்லை?"

"எழுதுனேன் தாத்தா. அழிச்சிட்டேன்."

"நல்லா வரலியா?"

"ஒவ்வொரு வரிக்கும் இது யாரு, யாரு கோச்சுக்குவாங்கன்னு தோணுது. யாரோ பின்னாடி நின்னு பாத்துக்கினே இருக்காப்ல. சுமதி அத்த இனிமே வராதா?"

எனக்குத் தெரிந்த ஆள்தான் அந்தப் பின்னால் நிற்பவர். என் பின்னால் பணி நாள் முழுக்க நின்றார். ஓய்வு பெற்றும் போகவில்லை, இந்தக் குறிப்பை எழுதும்போதும் நிற்கிறார். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் பின்னால் வந்து நிற்க அவருக்கு யார் இடம் கொடுத்தது? நேற்று வரை அவளுக்கு அவரைத் தெரியாது. செல்வி கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்த இத்தனை வருஷத்தில், இந்த வீடு அவளுக்குக் கொடுத்த பெரிய பொருள் அதுதான் போலிருக்கிறது, அந்த ஆளைத் தெரியாமல் இருந்தது. எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. மந்தம்.

மரியாதை இல்லாமல் எழுதிவிட்டாளா? யோசித்தேன். கொஞ்சம் குறைவுதான். இருக்கட்டும்.

செல்வியிடம் நாளை நான் மட்டும் அரியாங்குப்பம் போகிறேன் என்றேன். "மன்னிப்புக் கேக்கவா மாமா?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை.

மார்ச் 11, புதன்

பஸ்ஸில் போனேன். சொல்ல வேண்டியவை ஒரு துண்டுத் தாளில்: (1) பள்ளியில் சேர்ப்பதாக இல்லை. (2) மன்னிப்புக் கேட்க வரமாட்டாள். (3) போக்குவரத்து நம் பக்கம் நிற்காது. பஸ்ஸில் மூன்றையும் மனப்பாடம் செய்தேன். இறங்கும்போது கால் உதறல். வழியில் ஒரு சோடா.

மாப்பிள்ளை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, உட்கார்ந்தால் சரி என்று சொல்லிவிடுவேன்.

"யாழினி எங்க?"

"வரலிங்க மாப்பிள்ள."

"எப்ப வரும்?"

"மன்னிப்புக் கேக்க வராது. சீட்டும் வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "குமரன் சொல்லி அனுப்பினானா?"

"இல்லிங்க. நான்தான்."

"நீங்களா." சிரித்தார். "மாமா, அந்தப் பொண்ணு உங்களையும் சேத்துத்தான் கிண்டல் பண்ணிச்சு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. சரியாத்தான் சொல்லியிருக்கு."

"மீன் வண்டிக்குக் கதை எழுதிக்கினு வாழ்ந்துடுமா?"

"தெரியாதுங்க. எழுதட்டும்."

மூன்றாவது மறந்துவிட்டது. தாள் சட்டைப்பையில்தான், எடுக்கக் கை வரவில்லை. "ஞாயித்துக்கிழம வாங்க, மீன் எடுத்து வெப்பேன்" என்று மட்டும் வந்தது. இதைவிட மோசமாக வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது. அவர் எழுந்து உள்ளே போய் டி.வி.யைச் சத்தமாக வைத்தார்.

சுமதி சமையலறையிலிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். போகத் திரும்பினேன்.

"எங்கப்பா போற? உக்காரு. தோச ஊத்துறேன்."

"அவரு கோச்சுக்கப் போறாரும்மா."

"கோச்சுக்கட்டும். நாலு நாளா அதான் பண்ணிக்கினு இருக்காரு." டி.வி. சத்தத்துக்கு மேலேயே சொன்னாள்.

சாப்பிட்டேன். டி.வி. சத்தம் குறையவில்லை. சுமதி இன்னொன்று போட்டாள், வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வெளியே வழியனுப்ப வந்தவள் செருப்பைக்கூட எடுத்து வைத்தாள்.

மாப்பிள்ளை வருவாரா, தெரியாது. சுமதிக்கு என்னால் கஷ்டமோ என்ற கவலை. ஆனாலும் சொன்னதில் ஒன்றைக்கூடத் திரும்பப் பெறுவதாக இல்லை.

மார்ச் 12, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. கண்ணுக்கு மருந்து விட்டேன்.

விடியலிலேயே யா. வந்தாள், போனும் காகிதமுமாக. இன்று கரையில் நெத்திலிதான் நிறைய வந்திருக்கிறதாம். அஞ்சலை வண்டி கிளம்ப நேரம் கொஞ்சம்தான்.

"தாத்தா, நேத்து அங்க போய் நீங்க இன்னா சொன்னீங்க, அவரு இன்னா சொன்னாரு, அப்பிடியே சொல்லுங்க. எழுதிக்கணும்."

"கதைக்கா?"

"கதைக்குத்தான். வேணாம்னா வேணாம்."

செல்வி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லை.

எல்லாம் சொன்னேன். நின்றுகொண்டே பேசியது, கால் உதறியது, சோடா, மறந்துபோன மூன்றாவது, மீன் எடுத்து வைப்பேன் என்று உளறியது. ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். தெரு கேட்கட்டும்.