பிளேயர் ஊசி

செவ்வாய், இரவு.

குறிஞ்சிப்பாடியிலிருந்து நாத்தனார் வந்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் துடைத்துவிட்டாள். இந்த நிலக்கரிச் சுரங்க ஊரில் தினமும் துடைக்காவிட்டால் கரித்தூசி சோற்றில் விழும். அவருடைய ரெக்கார்டு பிளேயரை மட்டும், அவர் இறந்ததிலிருந்து நான் தொடவில்லை.

“அண்ணி, ஊசியில தூசி அப்பிக்கினு இருந்திச்சி. ஈரத்துணியால தொடச்சேன், வளைஞ்சிடுச்சி. அண்ணன் இருந்தா என்னைத் திட்டித் தீர்த்திருக்கும்” என்று அழுதாள்.

“வேற ஊசி வாங்கிக்கலாம், விடு” என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. ஊசி எங்காவது கிடைக்கும்.

பிளேயர் மூடியின் தூசியில் இத்தனை நாளும் அவருடைய விரல்தடம் மங்கலாக இருந்தது. கடைசி நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது மூடியது. அதையும் துடைத்திருக்கிறாள். அவளிடம் சொல்லவில்லை.

இப்போது போய்ப் பார்த்தேன். மறுபடியும் தூசி படிந்திருக்கிறது. அதில் யார் கையும் இல்லை.