எலும்பு என்னுடையது

எழில் அப்பாவுக்கு,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். புளிக்குழம்பு நேற்று வைத்தது, சுட வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கதவில் செருகிவிட்டுப் போகிறேன்; சாவி பக்கத்து வீட்டுச் செவ்வந்தியிடம் இருக்கிறது.

நான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். எலும்புக்கு ஊசி போட்டுக்கொள்ளத்தான். காலையில் நர்ஸ் போன் பண்ணி, "இன்னாக்கா, ஊசி வேணாம்னு உங்க வூட்டுக்காரர் சொல்லிட்டாரே?" என்று கேட்கிறாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

மார்பில் புற்றுநோய் வந்தது எனக்கு. அது திரும்பாமல் இருக்கத் தினமும் மாத்திரை விழுங்குகிறவள் நான். அந்த மாத்திரையால் எலும்பு மெலிந்துவிட்டது என்று ஸ்கேனில் பார்த்து, பல் டாக்டரிடமும் காட்டிய பிறகுதான் ஊசிக்குத் தேதி கொடுத்தார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல உங்களை யார் கேட்டது? கல்வராயன் மலையிலிருந்து ஆட்டுக்கால் கிழங்கைச் சுமந்து வந்துவிட்டால் நீங்கள் டாக்டரா? "சூப்பு வச்சுக் குடுங்க, எலும்பு இரும்பாட்டம் ஆய்டும்" என்று கிழங்கு விற்றவன் சொன்னானாம். அவன் என் ஸ்கேனைப் பார்த்தானா?

கிழங்கைக் குப்பையில் போடவில்லை. சூப் அடுப்பில் இருக்கிறது. மலை ஏறி இறங்கிவிட்டு ராத்திரி முழுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியது நீங்கள்தான். முழுசையும் நீங்களே குடியுங்கள்.

தாளில் கீழே இடம் இருப்பதால் எழுதுகிறேன். ஊசி போட்டால் காய்ச்சல் அடிக்கலாம் என்றார்கள். சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்துக்கு வண்டியை எடுத்து வாருங்கள். என்னிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். பள்ளம் பார்த்து ஓட்டினால் போதும்.