இம்மானுவேல் மாமாவுக்காக நான் நடந்த நடை

மாதா துணை

புதுவாயல்
நவம்பர் 23, ஞாயிறு

அன்பு மகள் ஷைனிக்கு அப்பா எழுதுவது. அந்த வதோதரா ஊரில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு லேபுக்குப் போய்வர வேண்டும் என்றுதான் உன் அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறாள், மாதா அப்படியே வைத்திருப்பாள் என்று நம்புகிறோம். இங்கே அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, எனக்கும் உடம்பில் குறையில்லை. மழை இரண்டு நாளாக விட்டிருக்கிறது, சர்வீஸ் ரோட்டில் தேங்கிய தண்ணீர் மட்டும் இன்னும் வடியவில்லை. போன ஞாயிறு நீ வீடியோ போனில், ஒரு மாதமாக என் நடைக் கணக்கு பூஜ்யம் என்று காட்டுகிறதே, வாட்ச்சைக் கழற்றிவிட்டீர்களா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாய். சார்ஜ் நிற்கவில்லை என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அது பொய்யம்மா. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இம்மானுவேல் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது, பிழைத்துக்கொண்டார் என்பதுதான் உனக்குத் தெரியும். மீதியை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

போன ஏப்ரலில் கம்பெனியில் எல்லோருக்கும் அந்தக் கைப்பட்டையைக் கொடுத்தார்கள் அல்லவா, ஈஸ்டர் லீவில் நீதான் என் போனில் அதைச் சேர்த்துவிட்டு, அங்கிருந்தே பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டாய். வருடம் முழுக்க சராசரியாக நாளைக்கு எட்டாயிரம் அடி நடந்தவர்களுக்கு, பெண்டாட்டி பிள்ளைகளுக்கான மருத்துவ இன்சூரன்ஸ் தொகை இரண்டு மடங்காகும் என்று எச்.ஆர். பரணிதரன் சார் கேன்டீனில் வைத்துச் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமில்லை, ஸ்டோருக்கும் பிரஸ் ஷாப்புக்கும் டிராலி தள்ளுகிறவனுக்கு மதியத்துக்குள் எட்டாயிரம் தாண்டிவிடும். இம்மானுவேலுக்குத்தான் கஷ்டம், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் காலையில் உட்கார்ந்தால் ஷிப்ட் முடிந்துதான் இறங்குவார். அவருக்கு அந்த இரண்டு மடங்கு கட்டாயம் வேண்டியிருந்தது. விக்டோரியா அத்தைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போகிறது உனக்குத் தெரியும், அதை நல்ல ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வேலை முடிந்து தெர்வாய் போகிற ரோட்டில் அவரும் என்கூட நடந்தார். ஜூன் மாதத்தில் ஒருநாள் பாதி வழியில் நின்றுவிட்டார். "மச்சான், முட்டி வலி உயிர் போவுது. நீ நாள் பூரா நடந்துக்கினே இருக்கற ஆளு, என்னுதையும் சேத்துக் கட்டிக்கயேன்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. கூடப் பிறந்தவன் மாதிரி இருக்கிறவர் கேட்டால் யோசிப்போமா. மறுநாளிலிருந்து ஷிப்ட் தொடங்கும்போது அவர் பட்டையை வாங்கி முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சட்டைக் கைக்குள் தெரியாமல் கட்டிக்கொள்வேன், சாயங்கால நடையையும் முடித்துவிட்டு அவர் வீட்டு வாசலில் திருப்பிக் கொடுப்பேன். நான்கு மாதம் இப்படியே ஓடியது. எங்களில் பல பேர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், பெயின்ட் ஷாப்பில் ஒருத்தர் பட்டையைப் பேரனின் தூளிக் கயிற்றில் கட்டி ஆட்டுவதாகச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதில் அடி மட்டுமில்லை, நாடித் துடிப்பும் பதிவாகிறது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் அதைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி டீக்கு இம்மானுவேல் வண்டியை விட்டு இறங்கும்போதே சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது தோள் இழுக்கிறது என்றார். நான்தான் கையைப் பிடித்து முதலுதவி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நர்ஸ் மணிகண்டன் இருந்தான், நல்ல பிள்ளை, எங்கள் எல்லோரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான். பிரஷர் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று சொல்லி அவர் போனை வாங்கித் திறந்தான். பட்டைக் கணக்கில் கோடெல்லாம் பச்சையாக இருந்தது. "இன்னாண்ணே, ஒங்க கிராப்பு எங்களுதவிட நல்லா கீது. தெனம் பதினோராயிரம் நடக்கறீங்க, நாடி அறுவத்தெட்டுல நிக்குது. காலைல நாஷ்டா துன்னீங்களா, கேஸா இருக்கும், பேஜாராவாதீங்க" என்று சொல்லி வெள்ளை மருந்து ஒரு மூடி கொடுத்தான். ஷைனி, நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அவன் பார்த்துப் பாராட்டிய நாடி என் சட்டைக் கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. ஈசிஜி மெஷின் அதே அறையின் மூலையில் துணி போட்டு மூடியிருந்தது, என் கண் அதன் மேல்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இம்மானுவேல் என்னை நிமிர்ந்து பார்த்தார், சொல்லிவிடாதே என்கிற பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முழு உண்மை அதுவல்ல, மாட்டிக்கொள்வேனோ என்கிற பயமும் இருந்தது.

இரண்டரை மணிக்கு ஃபோர்க்லிஃப்ட் அடுக்கி வைத்த பெட்டிகளில் போய் மெதுவாக முட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் ஓடிப் போனபோது அவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தார். ஆம்புலன்ஸில் மணிகண்டனும் நானும் ஏறினோம். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், உன் வயதுக்கு நாலைந்து வயதுதான் கூட இருக்கும், இதற்கு முன்னால் ஏதாவது இருந்ததா என்று கேட்க, மணிகண்டன் மறுபடியும் அந்தப் போனை நீட்டினான். அவர் அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அப்போதுதான் நான் சட்டைக் கையை மேலே ஏற்றினேன். "டாக்டர், அது அவரு நடந்தது இல்ல, நான் நடந்தது. அவரு நாலு மாசமா நடக்க முடியாம கீறாரு" என்றேன். மணிகண்டன் நீட்டிய போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டான். டாக்டர் என்னைத் திட்டவில்லை, எப்போதிலிருந்து, எவ்வளவு தூரத்தில் மூச்சு வாங்கியது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது மட்டும், காலையிலேயே வந்திருந்தால் இவ்வளவு பாழாகியிருக்காது என்று சொன்னார். அடைப்பை நீக்கிக் குழாய் வைத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது. ஆனால் இதயத்தில் ஒரு பங்கு செத்துப்போய்விட்டதாம், இனி வண்டி ஓட்டக் கூடாது, படி ஏறினாலும் பாதியில் நிற்க வேண்டும். ஐம்பது வயது இன்னும் ஆகவில்லை அவருக்கு.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். சுவரில் இம்மானுவேலின் போட்டோ பெரிதாக ஒட்டியிருந்தது. தினம் பதினோராயிரம் அடி நடந்ததால்தான் இவர் இவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து தப்பினார், எல்லோரும் இவரைப் போல நடக்க வேண்டும், முடியவில்லை என்று உட்காரக் கூடாது என்று பேசினார்கள். டாக்டரிடம் நான் சொன்னது கம்பெனிக்கு வந்து சேரவில்லை, மணிகண்டனும் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு முன் வரிசையில் அருணகிரி உட்கார்ந்திருந்தார், அச்சு செய்கிற டை செக்‌ஷனில் இருக்கிறாரே, போன வருடம் அவருக்கும் நெஞ்சில் ஏதோ செய்து மாத்திரை சாப்பிடுகிறார். அவர் அந்தப் போட்டோவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே, இன்றிலிருந்து நானும் நடக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். முன்கூட்டி நினைத்து எழுந்ததில்லை. "சார், அந்த நடை என்னுது. அவரால நடக்க முடியாமத்தான் எங்கிட்ட குடுத்தாரு. இத நம்பி யாரும் நெஞ்சு வலியோட நடக்க வாணாம்" என்றேன்.

பிறகு பரணிதரன் சார் தனியாகக் கூப்பிட்டு, நீங்களாகச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்று வருத்தமாகத்தான் கேட்டார். எனக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். அன்றைக்குக் கழற்றிய என் பட்டையை நான் திரும்பக் கட்டவே இல்லை. எல்லோருடைய பதிவையும் சோதித்தார்கள், நாற்பது பேருக்கு மேல் அந்தச் சலுகை போய்விட்டது. இம்மானுவேலின் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கான இன்சூரன்ஸில் கை வைக்கவில்லை, அந்த மட்டும் ஆண்டவர் இரங்கினார். ஆனால் விக்டோரியா அத்தைக்கு வர இருந்த இரண்டு மடங்கு போயே போய்விட்டது. இம்மானுவேலிடம் நானே போய்ச் சொன்னேன். படுத்தபடியே கேட்டுக்கொண்டு, "நீ சொன்னது நாயந்தான் மச்சான். ஆனா அவளுக்கு நான் இனிமே இன்னா செய்வேன்" என்றார். அத்தை உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. மறுநாள் போனபோது கதவைத் திறக்கவில்லை. சஸ்பென்ஷன் முடிந்து வேலைக்குப் போனால் என் டேபிளில் யாரும் உட்காருவதில்லை, அருணகிரி மட்டும் வந்து உட்காருகிறார்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் விக்டோரியா அத்தை நம் வீட்டுக்கு வந்தாள். அம்மா கொடுத்த டீயை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, ஒங்ககிட்ட முட்டி வலின்னாரா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்கிட்ட பல்லு வலின்னாரு. நடந்தா தாடை வலிக்குதுன்னாரு. நாலு மாசமா கிராம்பு வெச்சிக்கினு இருந்தேன். நடந்தா எப்டி பல்லு வலிக்கும்னு நான் கேக்கல பாருங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் எப்போதோ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, தன் நெஞ்சு வலியை ஆளுக்கொன்றாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார் மனுஷன். நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தால் போதும். என் மேல் கோபம் போய்விட்டது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து, ஆபரேஷனுக்குக் கூட இருக்க வருவாயா என்று கேட்டாள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி திருவள்ளூர் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் அத்தைக்கு ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். அம்மா ஒரு வாரம் அங்கேதான் இருப்பாள், அதனால் அந்த நாட்களில் அவள் போனை எடுக்காவிட்டால் பதறாதே. நான் லீவு போட்டுவிட்டு இம்மானுவேலுடன் இருப்பேன். அவருக்கு உப்பில்லாமல் சமைக்க இப்போதே கற்றுக்கொண்டிருக்கிறேன், முதல் நாள் குழம்பை அம்மா வாயில் வைத்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். என் நடைக் கணக்கைப் பார்த்து உன் ஹாஸ்டல் பிள்ளைகளிடமெல்லாம் பெருமையாகக் காட்டினாயே, அதில் உன் அப்பாவின் நேர்மையும் இருந்தது என்று நினைத்திருப்பாய், அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ என் மேல் வருத்தப்பட்டால் அதை மறைக்காமல் எழுது. குளிர்காலம் வருகிறது, காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே. போன முறை வந்தபோது தலைச்சுற்றல் என்று ஒருமுறை சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய், நான் அன்றைக்குக் கேட்காமல் விட்டுவிட்டேன். இந்த வாரமே ரத்தம் பரிசோதித்து, ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பு. மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும், நீ நீடூழி வாழ அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது முதலில் இம்மானுவேல் மாமா வீட்டுக்குப் போ. எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று கேட்டால், எனக்கின்னாம்மா, நல்லாக்கீறேன் என்பார். அதோடு எழுந்து வந்துவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவையும் கேள்.

உன் அன்பு அப்பா,
சின்னராசு